டீக் என்று எழுதிய பதிவேடு

சைக்காலஜி படித்து முடித்து, போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநோயாளிகள் வார்டில் நாங்கள் இரண்டு பேர் பயிற்சிக்குச் சேர்ந்தோம். நான் அதே ஊரில், மரைன் ஹில்லில் வளர்ந்தவள். மற்றவள் தஞ்சாவூர்க்காரி. கப்பலை விட்டு இறங்கிய அன்றே, "டீக்குன்னா தேக்கு மரம்தானே? ஏன் எல்லாரும் வாய்க்கு வாய் அதையே சொல்றாங்க?" என்று கேட்டாள். 'டீக் ஹை' என்பது இந்தி, 'நல்லா இருக்கேன்', 'சரி', 'ஆகட்டும்', 'போதும் விடு' எல்லாவற்றுக்கும் தீவில் அந்த ஒரு சொல்தான் என்று நான் விளக்கினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த மாதம் மெயின்லேண்ட் கப்பலில் ஃப்ளூ வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க இருமல். கப்பலை நிறுத்திவிட்டார்கள், அதோடு தபாலும் நின்றது. காய்ச்சல் கண்டவர்களை ஆஸ்பத்திரிக் கோடியில் இருந்த தகர ஷெட்டில் தனியாகப் போட்டார்கள். அந்த ஷெட்டைத் தாண்டும்போது நாங்கள் நடையை எட்டிப் போடுவோம்.

பயிற்சிக்காரர்களின் உடல்நிலையைத் தினமும் காலையில் கேட்டு எழுதச் சொன்னார் வார்டு டாக்டர். அவர் வங்காளி, தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியும் என்பதால் பதிவேடு என் தலையில் விழுந்தது. முதல் நாள், "தபியத்?" என்று இந்தியிலேயே உடம்பு எப்படி என்று கேட்டேன். "டீக்," என்றாள் அவள். என் பெயருக்கு நேராகவும் டீக் என்று எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து கேட்கவே இல்லை, நானாகவே எழுதினேன். சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அவள் தட்டில் சோறு அப்படியே கிடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டு, வேறு பதில் வந்துவிட்டால்? எனக்குப் பயம்.

ஒரு நாள் காலையில் இரண்டு டீக் எழுதி மூடிவிட்டு வார்டுக்குப் போனேன். பத்து மணியாகியும் அவள் வரவில்லை. விடுதி அறைக்கு ஓடினேன். படுக்கை சுருட்டியிருந்தது, டிரங்குப் பெட்டி இல்லை. கப்பலே இல்லாத ஊரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? சுற்றிலும் கடல். கப்பல் வரும் பக்கமாகவே ஓடினேன்.

துறைமுகத்தில், பூட்டிய கேட்டுக்கு வெளியே, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கையைத் தொட்டேன், கொதித்தது.

"கப்பல் வருதுன்னு சொன்னாங்க," என்றாள்.

"யாரு சொன்னா?"

"தெரியல."

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உன்னை டீக்னு எழுதியிருக்கேன், நீ இப்படி வந்து உக்காந்திருக்கே!" என்று கத்தினேன்.

"நீ என்னைக் கேக்கவே இல்லையேடி," என்றாள்.

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "சரி, இப்பக் கேக்கறேன். எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு. மூணு நாளாக் காய்ச்சல். அந்த ஷெட்ல செத்துப்போனா எங்கம்மாவுக்கு யாருடி சொல்லுவா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள், நானும் அழுதேன்.

ஷெட்டுக்குத்தான் கூட்டிப்போனேன், வேறு வழியில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு, எட்டு நாளும் வேலை முடிந்ததும் உட்கார்ந்து வம்பு பேசினேன். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டு, ஊறுகாய் வேண்டும் என்று என்னை விரட்டினாள்.

அவளை ஷெட்டில் விட்ட அன்று மத்தியானமே பதிவேட்டைத் திறந்தேன். இரண்டு டீக்கையும் அடித்தேன். அவள் பெயருக்கு நேராக 'காய்ச்சல், பயம்' என்றும், என் பெயருக்கு நேராக 'பயம்' என்றும் தமிழிலேயே எழுதி டாக்டரிடம் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அவர் என் வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"டர்," என்றேன். பயத்துக்கு இந்தியில் அதுதான் சொல்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "மேரா பீ லிக்கோ," என்றார். என்னுடையதையும் எழுது.