கைதட்டினால் நடப்பவர்

வேங்கிக்காலில் நான் காலை நடைக்குப் போகும் தெருவில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, இடது காது கேட்காது. அவர் கைதட்டிக்கொண்டே முன்னால் போவார். பார்க்கின்சன் நோய் வந்த கணவர் அந்தத் தாளத்துக்குக் காலெடுத்து வைத்துப் பின்னால் வருவார். தாளம் நின்றால் கணவரின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பிசியோதெரபி டாக்டர் சொல்லித் தந்த வழியாம். தெருவே அம்மாளைப் புகழ்ந்தது; நானும்தான்.

ஒருநாள் சித்திரை வெயிலில், நடுத்தெருவில் அம்மாள் தட்டுவதை நிறுத்தினார். கணவர் அப்படியே உறைந்து நின்றார். அம்மாள் வேப்பமர நிழலுக்குப் போய் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். கணவரின் கண்ணில் நீர் வழிந்தது; துடைக்கக் கை எழும்பவில்லை.

நான் ஓடிப்போய், "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து இவரு கைக்குப் பயந்துதான் நான் நடந்தேன். இந்தக் காது அதுல போனதுதான். இப்ப என் கைக்கு இவரு நடக்கட்டும். நிறுத்துனா நிக்கட்டும்."

குரலில் கோபமே இல்லை. என்னால் தாங்க முடியாமல், கணவர் முன்னால் போய் நானே தட்டினேன். அவருடைய குதிகால் எழும்பியது. உடனே மனைவியைப் பார்த்துவிட்டு, காலை மறுபடி தரையில் வைத்தார்.

"வேணாங்க சார். அவளே தட்டட்டும்."

அது பயமா, பரிகாரமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மாள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பாட்டிலை மெதுவாக மூடிக்கொண்டிருந்தார்.