தலைக்கு மேல் கட்டிய தார்ப்பாய்

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெல் உலர்களம் போட்ட நாள். நானோ சிலிக்கா கலந்த கான்கிரீட்டை இன்ஜினியராக என் பொறுப்பில் முதன்முதலாக இறக்கிய நாளும் அதுதான். அதுவரை அந்த ஊரில் நெல்லைத் தார் ரோட்டில்தான் காய வைத்தார்கள். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டைகள் திரும்பி வந்தன. குறுவை அறுப்புக்குள் களம் வேண்டும் என்று மகளிர் குழுத் தலைவி செல்வி அலையாய் அலைந்து வாங்கிய வேலை அது.

இந்தக் கலவையின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கான்கிரீட்டைப் போட்டதும் மேலே கொஞ்சம் தண்ணீர் கசியும். ப்ளீடிங் என்போம். நானோ சிலிக்கா மிக நுண்ணிய பொருள். தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், மேலே விடாது. கான்கிரீட் நெருக்கமாக இறுகி உறுதியாகும். ஆனால் மேற்பரப்பு காற்றில் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். மேலே தேய்த்து ஃபினிஷிங் முடிந்த கையோடு மூடிவிட வேண்டும். அதற்காகவே பெரிய தார்ப்பாய் ஒன்று கொண்டு போயிருந்தேன். மூடும் முறையை ஆட்களுக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

கடைசிப் பகுதியைத் தேய்த்து முடித்தபோது எங்கள் கம்பெனி மேனேஜர், களத்தின் திறப்பு விழாவுக்கென்று விருந்தினர்கள் நாலைந்து பேரோடு வந்து இறங்கினார். வெயில் கொளுத்தியது. காற்றும் பலம்.

“என்னங்க, வந்தவங்கள வெயில்லயா நிக்க வைப்பீங்க? அந்தத் தார்ப்பாய மேல கட்டுங்க.”

“சார், அது களத்துக்கு...”

“பத்து நிமிஷம். அதுக்குள்ள உங்க கான்கிரீட் ஓடியா போயிடும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பு நட்டுக் கட்டினோம். கைதட்ட ஆள் வேண்டுமென்று வேலையாட்களையும் பந்தலுக்குள் அழைத்துக்கொண்டார். சால்வை, டீ, பேச்சு என்று பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. என் முறை வந்தபோது, இந்தக் களத்தில் வெடிப்பே விழாது என்று மைக்கில் சொன்னேன். களம் எனக்குப் பின்னால் இருந்தது.

செல்வி எழுந்து களத்தோரம் போய்க் குனிந்தார்.

“சார், செத்த இங்க வாங்க. தண்ணி காணாத வயலாட்டம் இருக்கே.”

ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கோடுகள் ஓடியிருந்தன.

“மேலாப்புல விழுறதும்மா. ஸ்ட்ரென்த்துக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் மேனேஜர். அது உண்மைதான்.

“ஸ்ட்ரென்த்து இருக்கட்டும் சார். நெல்லு உள்ள போயிடுமே?”

மேனேஜர் விருந்தினர்களைக் காருக்கு அழைத்துப் போனார்.

மறுநாள் செல்வியிடம் போய், பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்றேன்.

“பேத்து, போட்டு, நனைச்சு... அதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிடும் சார். பூசிக் குடுங்க, போதும்” என்றார் செல்வி.

சிமென்ட் பால் ஊற்றி அடைத்தோம். நெல்லை இழுக்கும் பலகை பட்டதும் அது உதிர்ந்துவிட்டது.

அறுப்பின்போது போனேன். செல்வியும் இரண்டு பெண்களும் குத்துக்காலிட்டு, ஈர்க்குச்சியால் வெடிப்புகளிலிருந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். செல்வியே எழுந்து வந்தார்.

“அன்னிக்குக் கட்டுன தார்ப்பாய் இருக்கா சார்? களத்து மேல விரிச்சுக்கிறோம்.”

வண்டியில்தான் இருந்தது. ஒரு முனையைப் பிடித்து நானும் விரித்தேன். நான் போட்ட கான்கிரீட் அதன் கீழே மறைந்தது.

இப்போதெல்லாம் தார்ப்பாய் முதலில் கான்கிரீட்டுக்கு. யார் வந்தாலும் வெயிலில்தான் நிற்கிறார்கள். நானும் அவர்களோடு நிற்கிறேன்.