மெத்தைக்கடை கனியும் தர்மலிங்கத்தின் உயிரும்

கண் திறக்காமல், கை கால் அசையாமல் படுத்துக் கிடக்கும் ஒருவருக்கு, பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசுவது கேட்குமா? இந்தக் கேள்வியை ஒரு அம்மா உஸ்மான் கனியிடம் கேட்டபோது அவருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் கனி தெரிந்த மாதிரி பதில் சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குமணன்சாவடி சந்திப்பை ஒட்டிய ஒரு மெத்தைக்கடையில் கனி விற்பனையாளர். அவருடைய வியாபார முறையே தனி. வந்தவர்கள் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு யோசனை செய்தால், கனி செருப்பைக் கழற்றுவார், மெத்தைமேல் ஏறி மல்லாந்து படுப்பார், இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த முகத்தில் படரும் நிம்மதியைப் பார்த்தே பாதிப் பேர் பில் போடச் சொல்லிவிடுவார்கள்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு பங்களாவை டிவி தொடர் எடுக்க வாடகைக்கு விடுகிறார்கள். மருத்துவமனைக் காட்சிக்கு மெத்தை வேண்டும் என்று ஆர்டர் வந்து, கனி கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார். "மெத்தை நல்லா இருக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். பழக்கம் விடுமா? செருப்பைக் கழற்றினார், படுத்தார், கண்ணை மூடினார். நோயாளியாக நடிக்க வேண்டியவர் அன்று வராமல் போனதால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த டைரக்டர் விக்ரம், அப்படியே எழுந்து நின்றார்.

"யாரும் அவரை எழுப்பாதீங்க! முகத்துல மாஸ்க்கை மாட்டுங்க. இவர்தான்யா நம்ம தர்மலிங்கம்!"

அப்படித்தான் கனி நடிகரானார். கதைப்படி தர்மலிங்கம் விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவர். அவருடைய மனைவி ரேணுகா தினமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். கனிக்கு வசனம் கிடையாது. ஏசி அறை, நல்ல மெத்தை, மதியம் வாழையிலைச் சாப்பாடு. ஒருமுறை குறட்டை விட்டதற்காகத் திட்டு வாங்கியதைத் தவிர வேறு குறையில்லை.

அவருக்கு உண்மையில் பிடித்தது ஏசியும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிறந்ததிலிருந்து கனியைப் பார்த்து யாரும் அழுததே கிடையாது. வீட்டில் அவர் காய்ச்சலில் படுத்தால்கூட மனைவி வஹீதுன்னிசா, "மெத்தைக்காரருக்குப் படுக்கச் சொல்லியா குடுக்கணும்" என்பாள். இங்கே ஒருத்தி நாள் தவறாமல் அவர் கையில் கண்ணீர் விட்டாள். கிளிசரின் கண்ணீர்தான். ஆனாலும் சூடாக இருந்தது.

இரண்டு மழைக்காலம் அப்படிப் படுத்திருந்தார். பிறகு அந்த அறிவிப்பு வந்தது. 'தர்மலிங்கத்துக்குக் கருணைக்கொலை செய்யலாமா, வேண்டாமா? முடிவு உங்கள் கையில்! மிஸ்டு கால் கொடுங்கள்!'

தர்மலிங்கம் போனால் அந்தக் கட்டிலும் போய்விடும். மறுநாள் காலையிலேயே கனி தன் உயிருக்கு ஆதரவு திரட்டக் கிளம்பினார். முதலில் சந்திப்பில் இருந்த யூசுப்பின் டீக்கடை.

"வா பாய்!" என்று யூசுப் சிரித்தான். "எப்போ கெளம்புற?"

"எங்கடா?"

"மேலதான்."

"நீ இன்னா ஓட்டுப் போட்ட? உண்மையைச் சொல்லு."

"செத்துடட்டும்னுதான் போட்டேன். கோச்சிக்காத பாய். எத்தினி நாளுதான் அந்த ரேணுகா அழுதுகினே கீறது? அதுக்கும் ஒரு நல்ல காலம் வர வேணாமா?"

"அப்போ எனுக்கு?"

"நீ இன்னா, ரெண்டு வருசமா ஒரு வார்த்தை பேசினியா? சும்மா படுத்துகினுதானே கீற!" என்றவன் மனமிரங்கி, "சரி, போறவருக்கு சர்க்கரை தூக்கலாப் போடறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் கனியை ஓரங்கட்டினார். "கருணைக்கொலை நம்ம மார்க்கத்துல கூடாதேப்பா. எப்படி ஒத்துக்கிட்டே?"

"நான் எங்க ஒத்துக்கிட்டேன் பாவா? நான்தான் நினைவில்லாம கிடக்கேனே."

பெரியவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்போ உன்மேல குத்தமில்ல" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வஹீதுன்னிசா பக்கத்து வீட்டுக்காரர்களின் போனையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கனிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"எனக்காகவா இவ்ளோ போட்ட?"

"ரேணுகாவுக்காகங்க. அந்தப் பொண்ணு படற பாட்டைப் பார்க்க முடியல. குழாயைப் பிடுங்கச் சொல்லித்தான் போட்டேன்."

"அடிப்பாவி! படுத்திருக்கிறது நான்டி!"

"நீங்க ஏங்க குறுக்க வர்றீங்க? நான் தர்மலிங்கத்தைச் சொல்றேன்."

அந்த வாரம் சேனலில் விவாத மேடை வைத்தார்கள். ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் வக்கீல், நடுவில் கட்டிலோடு கனி. மக்கள் நேரில் பார்த்தால்தான் உணர்வார்களாம். டாக்டர் "மரியாதையோடு விடைகொடுப்பதும் வைத்தியம்தான்" என்றார். வக்கீல் "உயிரை எடுக்க நாம் யார்?" என்று கேட்டுக் கனியின் காலைத் தொட்டுக் காட்டினார். தொகுப்பாளர் திடீரென்று, "இப்போது தர்மலிங்கத்தின் தரப்பு" என்று சொல்லி மைக்கை அவர் வாயருகே நீட்டினார். கனிக்கு மூக்கு அரித்தது. பேச ஆயிரம் இருந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, அவர் பேசாததைக் கேட்டு அழுதது.

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கனி கடைக்குப் போவார். அப்படி ஒரு நாள் மதியம், நோயாளிகளுக்கான காற்று மெத்தைமேல் படுத்து ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் வாங்காமல் போனதுகூடத் தெரியாமல் கண்ணை மூடியிருந்தவரின் கையை யாரோ பிடித்தார்கள். கிளிசரின் பிசுபிசுப்பு இல்லை. கண் திறந்தால், வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார்.

பெயர் பஞ்சவர்ணம். பட்டாபிராமில் வீடு. கணவர் ரகுநாதன் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூளையில் ரத்தம் கசிந்து, போன வருடத்திலிருந்து படுக்கையில் கிடந்தார். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. முதுகு புண்ணாகாமலிருக்கக் காற்று மெத்தை வாங்க அந்த அம்மா பஸ் ஏறி வந்திருந்தார்.

"தம்பி, இப்படிப் படுத்துக் கிடக்கறவங்களுக்கு வெளியில பேசறது கேக்குமா? டாக்டருங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

'நான் நடிக்கிறவன்கா' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கனியிடம் அதுவரை எல்லோரும் விலைதான் கேட்டிருக்கிறார்கள், அபிப்பிராயம் யாரும் கேட்டதில்லை.

"கேக்கும்கா" என்றார். "எல்லாமே கேக்கும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மெத்தையைத் தானே கொண்டுவந்து போடுவதாகவும் சொன்னார்.

பட்டாபிராம் வீட்டில் ரகுநாதனின் கட்டிலுக்கு எதிரே டிவி அலறிக்கொண்டிருந்தது. அது நிற்பதே இல்லையாம். "பேச்சுக் குரல் கேட்டுட்டே இருக்கட்டும்னு டாக்டர் சொன்னாரு. நான் எவ்வளவு பேசறது? டிவி பேசட்டும்னு விட்டுட்டேன்" என்றார் பஞ்சவர்ணம். கனி மெத்தையில் காற்றடித்து, இருவருமாக ரகுநாதனைப் புரட்டி அதன்மேல் கிடத்தினார்கள். அவர் உடம்பு கனத்தது. கனி யோசித்துப் பார்த்தார். தன்னை யாரும் இப்படிப் புரட்ட வேண்டியிருந்ததே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் தானே எழுந்துவிடுவார்.

"குழாயை எடுத்துடலாமான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க தம்பி. டாக்டருங்க குழு பார்த்துத்தான் சொல்லுமாம். ஆனா குடும்பம் மொதல்ல ஒரு முடிவுக்கு வரணுமாம். ரேணுகா என்ன பண்ணுதோ, அதையே நானும் பண்ணிடலாம்னு இருக்கேன்."

கனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, அது டிவிக்கா!"

"டிவிதான். தெரியாதா எனக்கு? ஆனா வேற எங்க இதைப் பேசறாங்க சொல்லுங்க. பசங்க வந்தா டிவியைப் பார்த்துட்டுப் போயிடறாங்க. சொந்தக்காரங்க பழம் வச்சிட்டுப் போயிடறாங்க, அவரு பழமா சாப்பிடறாரு? அந்த வார்த்தையை ரேணுகா ஒருத்திதான் வாய்விட்டுச் சொல்லுது."

மறுநாள் கனி நேராக விக்ரமிடம் போனார்.

"சார், தர்மலிங்கத்தை ஒண்ணு பிழைக்க வைங்க, இல்ல சாகடிங்க. சீக்கிரம் சொல்லிடுங்க. ஒரு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

"ஒரு அம்மாவா? ஊரே காத்துக்கிட்டிருக்கு பாய்! ரேட்டிங் எங்கயோ போயிடுச்சு. இப்போ போய் முடிக்கச் சொல்றீங்களே."

"அப்போ ஓட்டு?"

"ரெண்டு பக்கமும் சரிசமம்னு சொல்லிடுவோம்."

"எப்பதான் சார் முடிப்பீங்க?"

"ரேட்டிங் விழுந்தா அவரே செத்துடுவாரு. அதுவரைக்கும் நீங்க நல்லா இருங்க."

கனி ஆசைப்பட்டது அதைத்தான். கட்டில் நிலைத்துவிட்டது. ஆனால் படுத்தவர் முகத்துக்கு அன்று நிம்மதி வரவே இல்லை. கேமரா ஓடியது. ரேணுகாவாக நடிக்கும் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று கதறினாள்.

கனி கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"பஞ்சவர்ணத்தக்கா! இந்தப் பொண்ணு ஒருநாளும் முடிவெடுக்காது! இது முடிவெடுக்கக் கூடாதுன்னுதான் இங்க சம்பளமே குடுக்கறாங்க! டிவியை நிறுத்திட்டு நீங்களே பசங்களைக் கூப்பிட்டுப் பேசுங்க!"

ரேணுகா அலறிக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தாள். விக்ரம் "கட்" சொல்ல மறந்துபோனார். பிறகு மெதுவாக, "அந்தக் கண்ணைத் திறந்ததை மட்டும் வச்சுக்கங்க. பேச்சை எடுத்துட்டு மியூசிக் போடுங்க" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து சேனலில் அதுதான் ஓடியது. 'தர்மலிங்கம் கண் திறந்தார்!' வயலின் கதறுகிறது, கனியின் இமை மூன்று கோணத்தில் திறக்கிறது. அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூட இல்லை. பார்த்த மாத்திரத்தில் கனி பட்டாபிராமுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் பயந்தபடியே நடந்திருந்தது. பஞ்சவர்ணம் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி! நீங்க முழிச்சுட்டீங்களே! அப்போ இவரும் முழிச்சுடுவாரு, இல்ல?"

கனி உள்ளே போய் ரகுநாதனின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். இவருக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டுச்சு, ஏன்னா நான் சும்மா படுத்திருந்தேன். அந்தப் பொண்ணு அழும்போது மத்தியானம் என்ன குழம்புன்னு யோசிச்சுட்டிருப்பேன். இவரு நடிக்கலக்கா."

அந்த அம்மா கணவரின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "குழம்பா?" என்றார்.

"ஆமாக்கா. வியாழக்கிழமைன்னா வத்தக்குழம்பு."

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு டிவியை நிறுத்த ரிமோட்டைத் தேடினார். அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுத்த வேண்டிய தேவையே வந்ததில்லையே. கடைசியில் சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினார்.

அறை அமைதியானது. ரகுநாதன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தூரத்தில் மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு கஷ்டப்பட்டா மூச்சு விடறாரு? இந்தச் சத்தத்துல எனக்குத் தெரியவே இல்லையே" என்றார் பஞ்சவர்ணம். கட்டிலில் உட்கார்ந்து கணவரின் தலைமுடியை ஒதுக்கிவிட்டார். "ஏங்க, கேக்குதோ இல்லையோ, சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை பசங்களை வரச் சொல்லப்போறேன். உங்களைப் பத்திப் பேசணும்."

கனி சத்தமில்லாமல் வெளியே வந்தார். அந்த வீட்டில் பிறகு என்ன முடிவெடுத்தார்கள் என்பது அவர்கள் குடும்ப விஷயம். ஓட்டுப் போட யாரையும் கூப்பிடவில்லை.

தர்மலிங்கம் பிழைத்துக்கொண்டார். கண் திறந்தவர் பேச வேண்டும், நடக்க வேண்டும், வில்லனை அடிக்க வேண்டும். அதற்குக் கனி எதற்கு? அடுத்த வாரம் டிவியின் அடிப்பகுதியில் ஒரு வரி ஓடியது: 'இனி தர்மலிங்கமாக இவர்.' மீசை வைத்த ஓர் ஆள் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். செத்தால் வேலை போகும் என்று பயந்த கனிக்கு, பிழைத்ததால் போய்விட்டது.

"நல்லாத்தான் பேசறாரு" என்றாள் வஹீதுன்னிசா. அடுத்த நாளிலிருந்து அந்தத் தொடரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கனி ஒரு மெத்தைமேல் கையைக் கோத்துக்கொண்டு, மூச்சுகூடத் தெரியாமல் படுத்திருப்பதைப் பார்த்தாள். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வஹீதுன்னிசா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கண்ணைத் திறங்க மொதல்ல! உங்களை இப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கல."

குரல் உடைந்திருந்தது. கனி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வந்தவர்கள் வாங்காமல் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

குமணன்சாவடியில் இப்போது வேறு கதை சொல்கிறார்கள். கனி சம்பளம் அதிகமாகக் கேட்டதால் துரத்திவிட்டார்கள் என்கிறார்கள். குறட்டைதான் காரணம் என்று யூசுப் அடித்துச் சொல்கிறான். இரண்டும் இல்லை. இதைப் படித்தவர்கள், நடந்ததை நடந்தபடி இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே சொல்லலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: சொல்லும்போது டிவியை நிறுத்திவிடுங்கள்.