பாந்த்ரா பி-யா, பரேல் பி-யா?

போன சனிக்கிழமை செம்பூரில் நண்பர் ஜெயராஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் ஜெனிஃபர் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஐரோலியில் ஒரு சிப் டிசைன் கம்பெனியில் வேலை.

சிப்பை முதலில் புரோகிராமாக எழுதுகிறார்கள். கம்பைல் செய்து, கம்ப்யூட்டரிலேயே சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஃபேக்டரிக்குப் போய்விட்டால் திருத்த முடியாது. 'எல்லாச் சோதனையும் பாஸ்' என்ற மெயிலை அன்று மாலைக்குள் ஜெனிஃபர் தன் பெயரில் அனுப்பியாக வேண்டும்.

மிச்சம் ஒரே சோதனை. வேண்டுமென்றே கெட்ட டேட்டா கொடுத்தால் சிப் அதை ஒதுக்கித் தள்ளுகிறதா? அதற்கு டைப் செய்ய வேண்டிய ஆப்ஷனைக் கூட வேலை பார்க்கும் செல்வின் போனில் சொன்னான். ஓட்டினாள். நடந்ததைப் பதிவு செய்யும் லாக்கில் கடைசி வரி: பாஸ்.

"பாஸ் ஆயிட்டுல்லா? மெயிலத் தட்டிவிடு" – ஸ்பீக்கரில் செல்வின்.

"கெட்ட டேட்டாவ ஒதுக்குனதா லாக்ல ஒரு வரிகூட இல்லியே லே..."

"அரே, டென்ஷன் எடுக்காத. நீ என்ன போட்ட?"

"நீ சொன்னதத்தான். ப்ளஸ் பேட். பி, ஏ, டி."

"எந்த பி? பாந்த்ரா பி-யா, பரேல் பி-யா?"

"பரேல்."

"போச்சு! பாந்த்ரா பி!"

"உன் வாயில ரெண்டும் ஒரே ஸ்டேஷன்தாம்லே!"

அச்சில் படிக்கிற உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆங்கிலத்தின் B, P இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து!

சரி, தப்பான சொல்லை சிமுலேட்டர் ஏன் வாங்கிக்கொண்டது? ஜெனிஃபர் விளக்கினாள். சின்னக் கோடு போட்டுத் தொடங்கும் ஆப்ஷனில் எழுத்துப் பிசகினால் பெரும்பாலும் உடனே சண்டைக்கு வரும். ப்ளஸ் போட்டு, ஓட்டும்போது கொடுக்கிற சொல் அப்படியல்ல. உள்ளே இருக்கும் சோதனை புரோகிராம் அதைத் தேடினால் உண்டு. தேடாவிட்டால்... ஏன் வந்தாய் என்றுகூட யாரும் கேட்பதில்லை. ஆகவே கெட்ட டேட்டா போகவே இல்லை. வழக்கமான நல்ல டேட்டாவில் ஓடி, பாஸ் வாங்கியிருக்கிறது.

எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டினாள். திரும்பக் கம்பைல் செய்யவும் தேவைப்படவில்லை. கெட்ட டேட்டா நுழைந்ததும் சிப் அப்படியே நின்றுவிட்டது. ஃபெயில்.

"மேனேஜர்ட்ட என்னத்தச் சொல்ல?" என்றான் செல்வின்.

"உள்ளதத்தான். சண்டே போச்சு, நீயும் ஆபீஸ் வா."

பாஸ் என்று போகவிருந்த மெயில், 'பிழை இருக்கிறது, ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டாம்' என்று போனது.

'புரியவில்லை' என்று எதிர்த்துக் கேட்பவர்கள் தொல்லைதான். புரியாமலே தலையாட்டுகிறவர்கள் அதைவிடப் பெரிய தொல்லை இல்லையா? இதை ஜெயராஜிடம் சொன்னேன். டி.வி.யைப் பார்த்தபடியே "ஆமா, ஆமா" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். "டீ கேட்டீரு" என்றார்.