கீழ்த்தட்டு டப்பா

இரண்டும் ஒரே நிற ஐஸ்கிரீம் டப்பாக்கள். ஐஸ்கிரீம் தீர்ந்தும் தீராத ஆயுள் அவற்றுக்கு. எங்கள் வீட்டில் சம்பல், பருப்பு, ஊசிநூல் எல்லாம் அவற்றில்தான். அந்தச் சனிக்கிழமை இரண்டிலும் கிம்பாப் இருந்தது. கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவே நீளநீளமாகக் காய்கறியோ இறைச்சியோ வைத்து, பாய்போலச் சுருட்டி, வட்டவட்டமாக வெட்டுவது. நாங்கள் வந்து குடியேறிய ஸ்ட்ராத்ஃபீல்டில் கீழ்வீட்டுக் கொரியன் அன்ரி அம்மாவுக்குப் பழக்கியது.

அம்மா விடியவே வேலைக்குப் போய்விட்டாள். முதல்நாளே சொல்லியிருந்தாள்: "ஃப்ரிட்ஜில மேல்தட்டு அப்பான்ரை, கரட்டும் கீரையும். கீழ்த்தட்டு ஹாம் போட்டது, திங்கள் உன்ரை ஸ்கூலுக்கு. மாத்திப் போடாதை."

மாற்றித்தான் எடுத்தேன். மறதியில் இல்லை, ஆசையில். அப்பா நாற்பது நாள் மச்சம் மாமிசம் தொடாமல் விரதம் இருந்தார்; திங்கட்கிழமை சித்தப்பாவுக்கு அகதி விசா நேர்காணல், அதற்கான நேர்த்தி. ஹெலன்ஸ்பர்க் கோயிலில் காலைப் பூசை முடிந்தால் விரதமும் முடிந்ததுதானே? எட்டு வயதுக் கணக்கு. எனக்கு அந்தச் சிவப்புப் பன்றியிறைச்சி, ஹாம், வேண்டும்.

கார் நெடுஞ்சாலை ஏறியபோது அப்பா சித்தப்பாவிடம் சொன்னார்: "இண்டைக்குப் பொழுதுபடும் மட்டும்தான். நாளைக்கு நல்ல மீன்குழம்பு வைக்கச் சொல்லுவம்."

பொழுதுபடும் மட்டும். காலைப் பூசையோடு முடியவில்லை, மாலை வரை. மடியிலிருந்த டப்பா திடீரென்று கனத்தது. யன்னலுக்கு வெளியே யூக்கலிப்டஸ் மரங்கள் ஓடின, ஓடின. நான் மட்டும் ஓட முடியாமல் பெல்ட்டுக்குள் இருந்தேன். சித்தப்பா வழி நெடுகத் தன் பதில்களை ஒப்புவித்துக்கொண்டு வந்தார். எந்த ஊர், எந்த மாதம், யார் பிடித்தது, எப்படி விட்டார்கள். இடையிடையே தண்ணீர் குடித்தார்.

அர்ச்சனை நடந்தது. சித்தப்பாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்பட்டபோது அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். நான் டப்பாவுக்காகக் கும்பிட்டேன். கார் வெயிலில் அது கெட்டுப்போகட்டும், காணாமல் போகட்டும்.

கோயிலுக்கு வெளியே, சரிவில், மரமேசை. மூடி திறந்தது. நான் முந்திக்கொண்டு இரண்டு இரண்டாக வாயில் திணித்தேன், முழுவதையும் நானே தின்றுவிட்டால் முடிந்தது என்று.

"மெல்ல, பிள்ளை. விக்கப் போகுது," என்று அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். "நல்லாத்தான் இருக்கு. இந்தச் சிவப்பு என்ன, பீட்ரூட்டோ?"

வாய் நிறையச் சோறு. அதற்குள்ளிருந்து வந்தது என் குரல்: "ஓம்."

சித்தப்பா ஒன்றை எடுத்தார். அது அவர் உதடு தொடவில்லை. தலைக்கு மேலே கிளையிலிருந்து ஒரு குக்கபரா, பாம்பு பல்லி தின்னும் குருவி, அம்புபோல விழுந்து, விரலிடையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு போனது. கிளையில் இருந்தபடி அதை மரத்தில் அடித்தது, பாம்பை அடிப்பதுபோல, டக் டக் என்று. சோறு சிந்தியது. கறுப்புத் தாள் பறந்தது. சிவப்புத் துண்டை மட்டும் விழுங்கியது.

சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தீங்களே அண்ணை, வெள்ளைக்காரன்ரை குருவிக்குச் சோறு வேண்டாமாம், பீட்ரூட் மட்டும் போதுமாம்!"

அப்பா சிரிக்கவில்லை. கிளையைப் பார்த்தார். பிறகு டப்பாவை. பிறகு என்னை, வெகுநேரம். மூடியை அழுத்தி மூடினார்.

"குருவி வாய் வச்சிட்டுது. இனி ஏலாது. வா, உள்ளுக்குப் புளிச்சாதம் வாங்குவம்."

"அது என்ரை கையிலதானே வாய் வச்சது, டப்பாவில இல்லையே!" என்றார் சித்தப்பா.

"ஏலாதெண்டால் விடன்ரா."

சித்தப்பா திங்கட்கிழமை நேர்காணலுக்கு அந்தக் குருவிக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் புறப்பட்டுப் போனார். பதில்களை ஒப்புவிக்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. அப்பாவும் கூடச் சிரித்தார்.

என்னை யாரும் ஏசவில்லை, அம்மாகூட. ஆனால் கோயிலுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்பு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. கீழ்வீட்டு அன்ரி அப்பாவின் வேலைச் சாப்பாட்டுக்கென்று கரட் மட்டும் வைத்த கிம்பாப் சுருட்டி அனுப்பிக்கொண்டேயிருந்தாள். என் பள்ளி டப்பாவிலும் அதே கரட். இது எனக்கான தண்டனை என்று நம்பி, அப்பாவோடு கோபம் போட்டுத் திரிந்தேன்.

எனக்கு அப்போது நூறு வரை எண்ணத் தெரியும். அப்பா நாற்பது நாளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது மட்டும் தெரியாது.