ஈரத் தடத்தில் பதியாத குதிக்கால்

சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் மவுத்தாகிக் கண்மூடவும் மனம் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். மாரி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலத் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஒப்பரேசன் செய்தார்கள். ஆறு மாதமாகியும் நொண்டினேன். நின்று தொழ முடியவில்லை. தறியில் மிதி மிதிக்க முடியவில்லை. மருதமுனையில் நெசவுக்காரிக்குக் கால் போனால் கை இருந்து என்ன பயன்?

எனக்கு வாய் நீளம். "அந்த டாக்குத்தர் என்ட ஒரு கால நீளம் குறைச்சிக் கட்டையாக்கிப் போட்டான்" என்று வீடு வீடாகச் சொன்னேன். கால் சரியாக வேண்டுமென்று துஆக் கேட்ட அதே வாயால், அவருக்கும் இப்படி வரட்டும் என்று பதுவாவும் செய்தேன். அழுதழுது செய்தேன்.

கணவர் என்னைக் கால் பயிற்சி கொடுக்கும் ஐயாவிடம் கூட்டிப்போனார். சேலையைக் கொஞ்சம் உயர்த்தி நடக்கச் சொன்னார் ஐயா. "ஏலா, அந்நிய ஆம்பிளைக்குக் காலக் காட்ட ஏலா" என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"சரி தங்கச்சி, நான் வெளியில நிக்கிறன். ரெண்டு காலையும் நனைச்சிட்டு இந்தச் சீமெந்துல நடந்துட்டுக் கூப்பிடுங்க."

நடந்தேன். அவர் வந்து குந்தியிருந்து தடங்களைப் பார்த்தார். இடப்பாதம் முழுதாகப் பதிந்திருந்தது. வலதில் முன்பாதம் மட்டும். கணவரைக் கொண்டு இரண்டு கால்களையும் நாடாவால் அளப்பித்தார். ஒரே அளவு.

"கால் கட்டையில்ல தங்கச்சி. எலும்பும் நல்லாப் பொருந்திட்டு, எக்ஸ்ரேயில தெரியிது. நீங்கதான் பயத்தில குதிய ஊண்டாம நடக்கிறீங்க."

யா அல்லாஹ்! கணவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துஆவை மாற்றினேன். றப்பே, அந்தப் பதுவாவை ஏற்றுக்கொள்ளாதே. ஐயா சொன்ன பயிற்சிகளைச் செய்தேன். கிழமைக்கொருதரம் அவர் தடம் பார்த்துப் பயிற்சியை மாற்றினார். வீட்டிலும் தொழுகைக்குக் கைகால் கழுவும் ஒவ்வொரு ஒழுவுக்குப் பின்னும் ஈரக்காலோடு நடந்து திரும்பிப் பார்ப்பேன். ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம், வலக் குதியின் ஈரம் தரையில் வட்டமாகக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே நெற்றி நிலத்தில் படச் சுஜூதில் விழுந்தேன்.

பிறகு டாக்குத்தரிடம் போனேன். "உங்களுக்குப் பதுவாச் செஞ்சன் சேர். மன்னிச்சிருங்க."

"நடந்து காட்டுங்க" என்றார். நடந்தேன். "அது போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. அவரைப் பழித்த அத்தனை வீட்டுக்கும் அந்தக் காலாலேயே நடந்துபோய், நான் சொன்னது பொய் என்று சொல்லிவந்தேன்.

இன்று நின்று தொழுகிறேன், மிதியும் மிதிக்கிறேன். நீங்களும் அல்லாஹ்விடம் கேளுங்கள், தருவான். நான் கேட்ட இரண்டில் ஒன்றைத் தந்தான். மற்றதைத் தராமல் விட்டதற்குத்தான் இன்றும் அதிகம் அழுது நன்றி சொல்கிறேன்.