வினோதினியின் ஞாயிற்றுக்கிழமைகள்

வினோதினி சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறாள். ஊர், புதுச்சத்திரத்தில் இறங்கிக் கிழக்கே போனால் வரும் மீனவக் குப்பம். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த முதல் பெண் அவள்தான். அவள் படித்து முடித்துச் சில வருஷங்களாகியும் இரண்டாவது ஒருத்தி வரவில்லை. பத்தாவது முடித்த பெண்களைக் கேட்டால், "ஒனக்கு வரும், எங்களுக்கெல்லாம் வராதுக்கா" என்றார்கள். தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்று தங்களுக்கு வராது என்று இவர்களாக முடிவு செய்துகொண்டதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கல்லூரியில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களில் ஓடக்கூடிய சிலவற்றைத் துறைத் தலைவரிடம் விடாமல் கேட்டு வாங்கினாள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, மழைக்காலம் தவிர பூட்டியே கிடக்கும் புயல் பாதுகாப்பு மையத்தின் மாடி அறைக்குச் சாவி பெற்றாள். ஞாயிறுதோறும் வகுப்பு என்று தெருத்தெருவாகச் சொல்லியும், முதல் வாரம் வந்தது ஒன்பதாவது படிக்கும் சுவேதா மட்டும்தான். அவள் ஒருத்திக்காகவே அன்று முழு வகுப்பும் நடந்தது. அடுத்தடுத்த வாரங்களில் சுவேதாவே தோழிகளை இழுத்து வந்தாள்.

"எந்த மெஷினப் பாத்தும் பயப்படாதீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு கேளுங்க" என்று வினோதினி அடிக்கடி சொல்வாள். சுவேதா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அப்பா பாண்டியனின் படகிலிருந்த ஜி.பி.எஸ். கருவியை நோண்டிப் பார்த்தவள், எதையோ அழுத்தப் போக, அதில் அவர் பல வருஷமாகக் கடலில் இடம் குறித்துச் சேர்த்து வைத்திருந்த பாயிண்டுகள் எல்லாம் அழிந்துபோயின. மீன் கூடும் இடங்கள், வலையைக் கிழிக்கும் பாறைகள் என்று அவருடைய பிழைப்பே அந்தப் பாயிண்டுகளில்தான் இருந்தது.

பாண்டியன் மகளை வகுப்புக்குப் போகக் கூடாதென்று நிறுத்தினார். அதைக் கேட்டு மற்ற வீட்டினரும் நிறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு அறையில் வினோதினி தனியாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சாயத்தார் சாவியைத் திருப்பிக் கேட்குமுன் ஏதாவது செய்தாக வேண்டும். அறையைப் பூட்டிவிட்டு நேரே கடற்கரைக்குப் போனாள். பாண்டியன் படகருகே வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"பாயிண்டு போனா என்னாவும்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் கடலுக்குப் போறவன் பொண்ணுதான?" என்றார் அவர், நிமிராமலே.

"தெரியும் மாமா. தொறந்து பாருங்கன்னு சொன்னேன். மொதல்ல காப்பி எடுத்து வச்சுக்கிட்டுத் தொறங்கன்னு சொல்லல. அது என் தப்பு. சுவேதாவ உடுங்க, நாங்க ரெண்டு பேரும் முடிஞ்சவரைக்கும் திரும்ப எடுத்துத் தர்றோம்."

பாண்டியன் வலையைக் கீழே வைத்தார். தன் மச்சான் படகிலிருக்கும் கருவியில் பாதி பாயிண்டுகளாவது இருக்கும், முன்பு ஒருமுறை பகிர்ந்துகொண்டது என்றார்.

அவற்றைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிக் கடல் வரைபடத்தில் புள்ளிகளாகக் கொண்டுவந்தது சுவேதாதான். விடுபட்டவற்றுக்கு அப்பாவை அறைக்கே அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு நேர ஓட்டம், ஆறடிக்கு ஒன்றாக எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டுக் கேட்டு உத்தேசமாகக் குறித்தாள். அவர் கடலுக்குப் போய்வந்து, இது சரி, அது தெற்கே தள்ளியிருக்கிறது என்பார். சுவேதா திருத்துவாள். சில பாறைகள் கடைசிவரை அகப்படவே இல்லை. ஒரு வலை கிழியவும் செய்தது. அன்று அவர் கோபித்தார்தான், ஆனாலும் மறுநாள் மாடியேறி வந்து, கிழிந்த இடத்தை முதலில் குறிக்கச் சொன்னார். இதைப் பார்த்து மற்ற படகுக்காரர்களும் தங்கள் பாயிண்டுகளைக் காப்பி எடுத்துத் தரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அறை நிறைந்தது.

சுவேதா பத்தாவது முடித்ததும், பாண்டியனும் வினோதினியும் அவளை அழைத்துக்கொண்டு, பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்புக்காகக் கடலூரில் ஒரு பள்ளிக்குப் போனார்கள். இடம் நிரம்பிவிட்டது, வேறு குரூப் தருகிறோம் என்றது பள்ளி. வினோதினி வாய் திறக்குமுன் பாண்டியன் பேசினார்.

"எம்பொண்ணுக்கு இதான் வேணும் சார். எடம் வர்றவரைக்கும் தெனமும் வர்றேன்."

சொன்னபடியே வந்தார், கடலுக்குப் போன நாள் தவிர. யாரோ ஒரு மாணவி வேறு ஊருக்கு மாறிப்போக, அந்த இடம் சுவேதாவுக்குக் கிடைத்தது. அவளுக்கடுத்த வருஷம் அதே குப்பத்திலிருந்து இன்னும் மூன்று பெண்கள் அதே குரூப்பில் சேர்ந்தார்கள்.

இப்போது ஞாயிறு வகுப்பைச் சுவேதாவும் தோழிகளுமே பார்த்துக்கொள்கிறார்கள். வினோதினி, புவனகிரிப் பக்கம் ஓர் ஊரில் இதேபோல் ஓர் அறை கேட்டு அலைகிறாள். இரண்டு முறை இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். வரும் ஞாயிறும் போகிறாள்.